நல்லம்மாள் அணைத்த சூடம்

சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பதினோரு வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அந்தப் பதினோரு வருஷத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து அழுத பெண்களுக்குக் கணக்கில்லை. அழாமல் நின்றவள் நல்லம்மாள் ஒருத்திதான். அழுகிறவர்களைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். அழாதவளை என்ன செய்வது? அவள் வந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

முசிறிப் பக்கத்துக்காரி. பால்மரம் வெட்டுவதில் கெட்டிக்காரி. விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முதல் ஆளாக வாளியோடு வந்து நிற்பாள். புருஷன் ராமையா இருந்தவரை வாயாடியும் கூட. உடையப்பன் கங்காணியின் தலைப்பாகையைப் பார்த்து, "என்னா கங்காணியாரே, தலை பெருத்துப் போச்சா, துணி பெருத்துப் போச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடியவள் அவள். இருபத்தொன்பதாம் வருஷம் மாசியில் மலேரியா ராமையாவைக் கொண்டுபோனது. அதோடு அவள் சிரிப்பும் போயிற்று. மிச்சம், ஐந்து வயது மகள் முத்தம்மா.

அந்தப் பிள்ளைக்குத்தான் வில்லங்கம் வந்தது. ராமையாவின் தம்பி சன்னாசி அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தான். காலில் வீக்கம் கண்டு வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனதால், சர்க்கார் செலவிலேயே அவனை ஊருக்குக் கப்பலேற்ற ஏற்பாடாகியிருந்தது. அவனுக்கும் அவன் பெண்டாட்டி காளியம்மாவுக்கும் பிள்ளையில்லை. "எங்கண்ணன் புள்ள எங்க வீட்டுப் புள்ள. நான் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். சித்திரை பிறந்ததும் கப்பல்.

பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவன் யார், தாப்பா கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாளில் தீர்ந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றும். தீராது. அதில் என் பாவமும் சேர்ந்திருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

ராமையா முன்னாலேயே தோட்டத்துக்கு வந்துவிட்டவன். இரண்டு வருஷம் கழித்து, ஆள் சேர்க்க ஊருக்குப் போன உடையப்பன் கங்காணியிடம் பெண்டாட்டியைக் கூட்டி வரச் சொன்னான். தனியாக வருகிற பெண்ணை கப்பலேறுகிறவர்களைச் சோதிக்கும் நாகப்பட்டினம் டிப்போவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே கூட்டத்தில் சன்னாசியும் புது ஆளாக வந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கங்காணி ரொம்ப யோசிக்கவில்லை; "இவ இவன் பொண்டாட்டி" என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டான். அந்தக் காலத்தில் இது ஊருலகத்தில் நடக்காததல்ல. அந்தக் காகிதத்தைப் பார்த்து நானும் தோட்டத்துப் பேரேட்டில் அப்படியே எழுதினேன். இங்கே வந்ததும் அவள் ராமையாவோடுதான் குடித்தனம் செய்தாள், தோட்டத்துக்கே தெரியும். ஆனால் பேரேட்டைத் திருத்தப் போனபோது கங்காணி என் கையைப் பிடித்தான். "திருத்தினா டிப்போவுல பொய் சொன்னது வெளிய வரும் கிராணியாரே. என் லைசென்ஸ் போயிரும். ஒங்க வேலையும் நிக்காது." எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. பேனாவை வைத்துவிட்டேன். பிறகு முத்தம்மா பிறந்தபோது, தகப்பன் பெயர் என்ற இடத்தில் சன்னாசி என்று எழுதியதும் இதே கைதான்.

ஆக, கோர்ட்டுக்குப் போனால் காகிதம் பேசும். காகிதப்படி பிள்ளை சன்னாசியின் பிள்ளை. நல்லம்மாளே அவன் பெண்டாட்டி. அவளையும் சேர்த்துக் கப்பலேற்றிவிட்டால் கேட்க ஆளில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம், பால் நிறுத்து முடிந்த பிறகு, அவள் ஆபீசுக்கு வந்தாள். கையில் இன்னும் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஐயா, அந்தப் புத்தகத்துல எம்புருசன் பேர மாத்தி எழுதுங்க."

"இனிமே முடியாதும்மா. துரை கையெழுத்துப் போட்ட ஏடு."

"அப்ப பஞ்சாயத்துதான் வழி. அங்க சத்தியத்துக்குச் சூடம் அணைக்கச் சொல்லுவாங்களே ஐயா?"

"சொல்லட்டுமே. ராமையா புள்ளன்னு சொல்லி அணைச்சிட்டுப் போ. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கிட்ட வந்தாள்.

"கப்பல்ல என்னையும் சன்னாசியையும் புருசன் பொண்டாட்டின்னு ஒரே எடத்துல படுக்கப் போட்டாங்க. ஒருநா அவரு... நான் கத்தப் போனேன். கத்தினா டிப்போக்காரனுக்குத் தெரிஞ்சி போகும், கப்பல்லேயே வச்சித் திருப்பி அனுப்பிருவான்னு சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு மொகத்தைப் பாக்காமலே போயிருவேனோன்னு வாயப் பொத்திக்கிட்டேன். எறங்கி ஒம்பதாம் மாசம் இவ பொறந்தா. இவ யாரு புள்ளன்னு எனக்கே தெரியாது ஐயா. தெரியாம சூடம் அணைச்சா, முனியாண்டி எம்புள்ளையத்தானே எடுத்துக்குவாரு?"

அவளுக்கே தெரியாது என்பது சன்னாசிக்கும் தெரியும். அதனால்தான் அவன் பஞ்சாயத்துக்கு அவ்வளவு தைரியமாக ஒத்துக்கொண்டான். அவளால் சூடத்தைத் தொட முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனியாண்டி மரத்தடியில் ஜனம் கூடியது. பஞ்சாயத்து சொன்னதைக் கேட்டு நடப்போம், கோர்ட் படி ஏற மாட்டோம் என்று முச்சலிக்கா எழுதி இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கினேன். கங்காணி நடுவில் உட்காரப் போனான்.

"கங்காணியாரு உக்காரக் கூடாது" என்றாள் நல்லம்மாள்.

பஞ்சாயத்தாரில் ஒருவரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு. வழக்கம் அப்படி. கங்காணியைப் பார்த்து அதைச் சொன்னவர்கள்தான் யாரும் கிடையாது. "தாவூத் பாய் உக்காரட்டும். அவருக்கு இங்க சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல" என்றாள்.

தாவூத் ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை சைக்கிளில் சேலைத்துணி கொண்டுவருகிறவர். கங்காணி தலையாட்டாவிட்டால் அவர் லயத்துக்குள் கடை விரிக்க முடியாது. அந்த நம்பிக்கையில் சன்னாசியும் சரி என்றான். பாய், "எனக்கெதுக்குலா இந்த வம்பு" என்று சைக்கிளைப் பார்த்தார். யாரும் வழிவிடவில்லை. துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்.

சன்னாசி எழுந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தான். "இவ எங்கண்ணன் புள்ளதான்னு அண்ணி சூடம் அணைச்சுச் சொல்லட்டும். நான் புள்ளைய விட்டுட்டுப் போறேன். சொல்ல முடியலன்னா பேரேட்ட பாருங்க. அப்பன் பேரு சன்னாசின்னு இருக்கு."

நல்லம்மாள் மகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் நான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏட்டைக் கேட்டுவிடுவார்களோ என்று முச்சலிக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் தாடியைத் தடவினார். "புள்ள வேணும்னு கேக்கறது நீங்க. அப்ப மொதல்ல நீங்கதான் சத்தியம் பண்ணணும் தம்பி. சூடத்த ஏத்துங்க. இந்தப் புள்ளைக்கு நீங்க அப்பனா, சித்தப்பனா? ஏதாவது ஒண்ணு சொல்லி அணைங்க."

"பேரேட்டுல..."

"பேரேட்ட உடுங்க. ஒங்க வாயால சொல்லுங்க. அப்பன்னா, அண்ணன் பொண்டாட்டிய என்னா பண்ணுனீங்கன்னு ஜனத்துக்குச் சொல்லணும். அந்தா, ஒங்க சம்சாரமும் கேக்குது."

காளியம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் புருஷனையே பார்த்தாள். தட்டில் சூடம் எரிந்தது. சன்னாசி இரண்டு தடவை கையை நீட்டி இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டான்.

"சித்தப்பன்" என்றான் கடைசியில், யாருக்கும் கேட்காத மாதிரி. சூடத்தைத் தட்டி அணைத்தான்.

"எழுதிக்குங்க கிராணியாரே. தாய் உசுரோட இருக்கா, சித்தப்பனுக்குப் புள்ள மேல உரிமை இல்ல" என்றார் பாய்.

எனக்கு உயிர் வந்தது. உடனே கங்காணி அதைப் பிடுங்கினான். "பாய்க்கு நம்ம வழக்கம் தெரியாது. ரெண்டு பேரும் அணைக்கணும். ஒருத்தர் மட்டும் அணைச்ச சத்தியம் செல்லாது." கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. மறுபடி சூடம் ஏற்றினார்கள்.

நல்லம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டாள். தட்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. சூடம் பாதி கரைந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவ எம்புள்ள" என்று கேட்டது. "நான் சொமந்தேன், நான் பெத்தேன். இதுல பொய் இருந்தா முனியாண்டி என்னைய கேக்கட்டும், எம்புள்ளைய தொடக் கூடாது."

கண்ணைத் திறந்தேன். விரலால் தட்டவில்லை. உள்ளங்கையை அப்படியே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இதையா கேட்டோம்? அப்பன் பேர சொல்லணும்!" என்று கங்காணி கத்தினான்.

"அப்பன் சங்கதிய சன்னாசி முடிச்சிட்டாரு. ஆத்தா சங்கதிய இது முடிச்சிருச்சி" என்றார் பாய். "இன்னும் யாருகிட்ட கேக்கணும் கங்காணியாரே? ஒங்ககிட்டயா? டிப்போ கதையையும் சேர்த்துக் கேட்டுரலாமா?"

கங்காணி உட்கார்ந்துவிட்டான். பாய் அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்குத் துணி கொண்டுவரவில்லை. கொண்டுவர விடவில்லை.

கதை அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். சன்னாசி கப்பலேறிய மூன்றாம் நாள் முத்தம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்து, பிள்ளை வாய் பிதற்றியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொய்னா மருந்து கொடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் பார்க்கப் போனபோது நல்லம்மாள் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"நான் பொய் சொல்லலையே ஐயா? வேற பேரு எதுவும் சொல்லலையே? நீங்க அங்கதானே இருந்தீங்க. நல்லா நெனச்சிப் பாத்துச் சொல்லுங்க."

"சொல்லலம்மா. ஒரு பொய்கூடச் சொல்லல" என்றேன். அவள் நம்பவில்லை. நாலு நாளும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதையே கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை முத்தம்மா எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்றாள். நல்லம்மாள் கஞ்சியைக் கரைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பிள்ளையின் முதுகில் பளார் பளார் என்று இரண்டு வைத்தாள். "என்னைய கொன்னுட்டியேடி, பாவி" என்று அதைக் கட்டிக்கொண்டு, நான் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், ஓவென்று அழுதாள்.