விற்காத கூடை

சூளகிரியில் நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தியிருக்கிறோம். தார்ப்பாயில் தக்காளி குவிந்திருக்கிறது. மருந்தடிக்காதது என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா? இப்போதுதான் ரசம் சோறு சாப்பிடப் பழகும் மகளுக்கு வாங்குகிறேன். குவியலில் பாதிப் பழங்கள் சிறுத்து, புள்ளி விழுந்து கிடக்கின்றன. பின்னால் இருக்கும் கூடையில் மட்டும் ஒரே அளவாகச் சிவந்த பழங்கள்.

"அதுல ரெண்டு கிலோ போடுங்க பாய். பெங்களூர் விலைன்னாலும் பரவால்ல," என்கிறேன்.

"அது விக்கறதில்லம்மா," என்கிறார் விவசாயி சலீம். "உஷ்ரு. விளைச்சல்ல ஏழைங்களுக்குன்னு எடுத்து வைக்கிற பங்கு."

"நல்லதையெல்லாமா?"

பக்கத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரிக்கிறார். "போன வருசம் ஜமாத்துல ஏழைங்களுக்குக் குடுக்கற ஜகாத்துல எங்களுக்கு மாடு குடுத்தாங்க. அந்தச் சாணிதான் தோட்டத்துக்கு உரம். கெழட்டு மாடாவா குடுத்தாங்க? கன்னுக்குட்டியோட நல்ல கறவை மாடு."

"காலைல நானும் இதேதாம்மா கேட்டேன்," என்று சலீம் என்னிடம் முணுமுணுக்கிறார். "எனக்கும் இதே பதில்தான்."

குழந்தைக்கு என்று சொன்னால் அந்தம்மா கூடையிலிருந்து கொஞ்சம் தருவாரோ? சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது. சொல்லாமல் குவியலிலேயே பொறுக்குகிறேன். எடை போட்ட பிறகு, புள்ளி விழுந்த ஒன்றைத் திருப்பி வைக்கக் கையில் எடுக்கிறேன். பிறகு அதையும் பையிலேயே போட்டுக்கொள்கிறேன்.