திருப்பி ஊற்றிய பிரேக் ஆயில்

சின்னக் கார் செய்கிறவர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: பழைய பெயின்ட்டை எடுக்க பிரேக் ஆயிலில் ஊறப்போட்டால், ஊறிய ஆயிலை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த அற்ப விஷயத்தை எதற்கு இவ்வளவு முறைப்பாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

நான் செய்வது நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் கார்கள். ஒட்டுவது பெரிய வேலை இல்லை. பெயின்ட்தான் ஆளைக் கொல்லும். ப்ரைமர் மெல்லிசாக, அதன்மேல் நிறம் மூன்று நான்கு முறை மெல்லிசாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் காத்திருப்பு, பிறகு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து வலிக்காமல் தேய்ப்பது. எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று. காற்றடித்தால், தங்கச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து மாவு மாதிரி தூசி கிளம்பி ஈரப் பெயின்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பெயின்ட் அடித்த கையோடு ஒரு பேசினைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினில் அக்கா துணி ஊறவைத்திருந்தாள். காற்றே இல்லையே என்று அப்படியே விட்டேன். சோம்பேறித்தனம்தான். அரை மணி நேரத்தில் சிவப்புக் கார் முழுக்கச் சொரசொரப்பு.

ஊரில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் அக்கா வீடும் என் வீடும் ஒட்டிய லைன் வீடுகள். பக்கத்துத் தகரக் கொட்டகையில் மாமாவின் கார் நிற்கும். மாமா என்றால் அக்காவின் கணவர், கனரகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். கொட்டகையில் ஒரே பலகையில் ஒரு பக்கம் என் பெயின்ட் டப்பாக்கள், மறு பக்கம் அவருடைய ஸ்பேனர்கள், கிரீஸ், பிரேக் ஆயில். அவர் இல்லாத நேரம் பார்த்து அந்த ஆயிலை ஒரு டிபன் டப்பாவில் ஊற்றி, காரின் உடம்பை அதில் மூழ்கவைத்தேன். மறுநாள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. இதுவரை தப்பில்லை, கேட்காமல் எடுத்ததைத் தவிர.

பாட்டில் காலியாக இருப்பதை அவர் பார்த்துவிடுவாரே என்றுதான் அடுத்த காரியத்தைச் செய்தேன். பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி. பிரஷ் கழுவிய தண்ணீரும் பெயின்ட் கசடும் சேர்ந்திருந்த ஆயிலை பனியன் துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி மூடிவைத்தேன். கருப்புப் பாட்டில், வெளியே நிறம் தெரியாது. புது பாட்டில் வாங்க ராபர்ட்சன்பேட்டை வரை போயிருந்தால் போதும். போகவில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறையலாம், வண்டி ஓட்டும்போது கவனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டாரே தவிர வண்டியை விடவில்லை. காலையில் பெங்களூர் ரயிலுக்கு என்னை ஊரிகம் ஸ்டேஷனில் விடுவதும் சாயங்காலம் கூட்டிவருவதும் அவருக்கு ஒரு ஷிப்ட். தெருவில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் அவர் கார்தான் போகும்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ஸ்டேஷனுக்கு வெளியே நின்றிருந்தேன். கார் என்னைத் தாண்டி இறக்கத்தில் போனது. பின்னால் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது, கார் நிற்கவில்லை. நேரே போய்க் காம்பவுண்டுச் சுவரில் மோதி நின்றது. முன்சீட்டில் இருந்த அக்காவுக்கு நெற்றி புடைத்துவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. மாமா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ பின்னாடிதான நின்ன மச்சான். நான் லேட்டா மிதிச்சனா?"

பின் விளக்கு செய்யும்போது வெள்ளி நிறத்தின்மேல் சிவப்பைக் கண்ணாடி மாதிரி பூசி, அது எரிவதுபோலத் தெரியும்வரை விடாதவன் நான். நிஜ விளக்கு எரிந்ததை நான் கவனிக்காமல் இருப்பேனா?

"சரியா பாக்கல மாமா."

காரைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். அவர் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் இளஞ்சிவப்பாக இருந்தது, அடியில் என் கசடு. மாமா அந்தப் பாட்டிலிலிருந்துதான் ஊற்றியிருக்கிறார்; தண்ணீர் கலந்த ஆயிலில் பிரேக் எங்கே பிடிக்கும். பெயின்ட் கலக்க வைத்திருந்த சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, துடைத்து, கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்த புது ஆயிலை ஊற்றினேன். பலகையில் இருந்த பாட்டிலையும் மாற்றிவைத்தேன். மறுநாள் மெக்கானிக்கிடம், "அப்படியே பிரேக் லைன்ல பழைய ஆயில எடுத்துட்டு வாஷரும் மாத்திடுங்க" என்றேன், எல்லாரும் சொல்கிற மாதிரி. வண்டி திரும்ப ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு எனக்கு நல்ல மனசு இருந்தது.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். அதோடு, தப்பு தன் காலில்தான் என்று மாமாவின் தீர்ப்பு முடிந்துபோனது. அன்றிலிருந்து அவர் சாவியைத் தொடவில்லை. சாப்பிட உட்காரும்போது வலது பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். "தெரியுதே" என்பார் தனக்குள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். எத்தனையோ நாள் வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பயம். அவர் அடிப்பார் என்றுகூட இல்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று.

அந்தச் சிவப்புக் காரைத் திரும்பப் பெயின்ட் அடித்து முடித்து அவருக்கே கொடுத்தேன். தப்பு செய்தவன் கொடுக்கிற பொருள் அப்படித்தான், தேவைக்கு மேல் பளபளக்கும். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, "மச்சான் கை வேலை, எவ்ளோ சுத்தம் பாருங்க" என்பார்.

போன மாதம் காரை வாங்க பங்காருப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்துவிட்டு, சுவரில் மோதிய தழும்பைத் தடவினார். "இன்னாங்க இது, பிரேக்ல எதனா பிராப்ளமா?"

"வண்டில ஒண்ணும் இல்லீங்க" என்றார் மாமா. "பொய் சொல்லி விக்க மாட்டன். என் காலுதான் போச்சு."

வந்தவருக்குச் சந்தேகம் தீரவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.