மூன்று துளையா, ஒரே கீறலா

என் வீட்டுக்காரர் எதையாவது மறைத்தால் அவருடைய வேட்டிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். திடீரென்று ஒருநாள் அதை அகலமாக மடித்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். உள்ளே ஒரு துண்டும் மடிந்து இருந்தது. விட்டுவிட்டேன் என்று சொன்ன பீடியைத்தான் ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மடியில என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுப் பெரிய கட்டு?"

நானே அவிழ்த்துப் பார்த்தேன். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது, இருமினால் எட்டிப் பார்க்கிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் கதவோரம் செய்த வேலையும் இதேதான்.

குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் மூட்டையை ஜீப்பில் ஏற்றுவதும், காய் உலர்த்தும் அறையில் அடுப்பெரிப்பதும் அவர் சோலி. அந்த வீக்கத்தோடு எத்தனை லோடு ஏற்றினாரோ, கேட்டால் சொல்ல மாட்டார். இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவளிடம் மறைத்திருக்கிறாரே என்றுதான் எனக்கு வருத்தம். அதை வெளியே சொல்லாமல், தேனி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன்.

சின்ன வயது டாக்டர், பொறுமைசாலி. வயிற்றுச் சுவர் ஓரிடத்தில் தளர்ந்து, அதன் வழியே குடல் பிதுங்குகிறது என்றார். ஒருநாள் அது திரும்ப உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். அதைச் சரிசெய்ய இரண்டு வழி. வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டு, தளர்ந்த இடத்தை உள்ளிருந்தே வலை வைத்து அடைப்பது ஒன்று. தொடை இடுக்குக்கு மேலே ஒரு விரல் நீளம் கீறி, வலை வைத்துத் தைப்பது இன்னொன்று. இரண்டும் நன்றாகவே தாங்கும். துளை என்றால் வலி குறைவு, சீக்கிரம் நடமாடலாம். ஆனால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும்.

"துளையே போடுங்க தம்பி" என்றார் இவர், பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற வேகத்தில்.

அப்புறம் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். நெஞ்சில் குழலை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, வெகுநேரம் கேட்டார். பீடியும் அடுப்புப் புகையும் சேர்ந்து நுரையீரல் கெட்டிருந்தது.

"தாத்தாவுக்கு முழு மயக்கம் வேண்டாம். முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துப்போயிடும். கீறியே செஞ்சிடலாம்."

இவர் எழுந்தார், பையை எடுத்தார், நடந்தார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்தான் நான் அவரைப் பிடித்தேன்.

"ஊருக்குப் போறேன். என்னைய யாரும் கீற வேணாம்."

"மாட்டிக்கிட்டா உசுருக்கு ஆபத்துன்னாரே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு." பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெடிச்ச காய நீ என்ன பண்ணுவ புள்ள? தனியா ஒதுக்குறேல்ல. தோட்டத்துல கங்காணி என்னையவும் அப்படித்தான ஒதுக்குவாரு. மூணு ஓட்டைன்னா யாருக்கும் தெரியாது. கீறுனா நான் வெடிச்ச காயி."

நான் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறவள். முழுக்காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். நாள் முழுக்க எனக்கு அதே வேலை. என் கையைப் பார்த்துப் பார்த்து இந்த மனுசன் பயந்திருக்கிறார்.

"ஏ மாமா, முழுக்காய் எங்க போகுது?"

"ஏலத்துக்கு. அப்பறம் வெளியூருக்கு."

"யாரு வீட்டுக்கோ போயிருது. நம்ம வீட்டு டப்பாவுல என்ன கெடக்கு?"

யோசித்தார். "வெடிச்சது."

"மொதலாளியக் கேட்டு நான் மடியில கட்டிக் கொண்டாறது அதத்தான். தெனம் காலையில டீயில தட்டிப் போடுறதும் அதத்தான். ஒரு நாளாவது வாசம் கொறைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்கியா? கங்காணி ஒதுக்குனா ஒதுக்கட்டும். நான் எடுத்துட்டு வர்றேன்."

போடி பஸ் வந்தது. கண்டக்டர் கூவினார். இவர் எழவில்லை. பஸ் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முதுகுல ஊசி போட்டா வலிக்குமான்னு கேட்டியா?"

"கேட்டேன். எனக்கு வலிக்காதாம்."

வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாக மாற, அவர் கை அவசரமாக மடிக்குப் போனது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கே திரும்பி நடந்தோம்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவர், எனக்கென்னவோ ஏதோ என்று இருக்க, முதலில் சொன்னது இதுதான்: "முழிச்சுக்கிட்டே கெடந்தேன் புள்ள. டாக்டருக ரெண்டு பேரும் பிரியாணியப் பத்தியே பேசுறாக. பசி உசுரு போகுது."

இருமல் வந்தால் தையல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். சாயந்தரம், பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்க்க ஊரே வந்து நிற்கிற நேரத்தில், இருமல் வந்தது. இவர் தன் கையை வைக்கவில்லை. என் கையை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும், அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். இருமல் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

"ஆளுக பாக்குறாக மாமா."

"பாக்கட்டும்" என்றார்.