கிராஃபிக்ஸ் கார்டும் ஒரு துண்டு டேப்பும்

கடையில் நின்று பொருள் விற்கும் உங்களிடம் ஒரு கேள்வி. "இப்பவே வாங்கட்டுமா, கொஞ்சம் பொறுக்கட்டுமா?" என்று கஸ்டமர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? துணிக்கடையில் இது சின்னக் கேள்வி. எங்களுடைய கம்ப்யூட்டர் சாமான் கடையில், அதிலும் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு விற்கிற இடத்தில், இந்தக் கேள்வி வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதற்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். நான் வாயைத் திறந்தவள்.

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் கடை. நான்கு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எஸ்டேட் தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில் கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த அறைச் சாவி தலைமையாசிரியரின் சட்டைப்பையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. இன்றைக்கு ஒரு கார்டைக் கையில் கொடுத்தால் அது எந்தப் பெட்டிக்குள் நுழையும், எதில் இடிக்கும் என்று கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிராஃபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் வரைகிற பாகம். செங்கல்லைவிட நீளமாக இருக்கும். மேலே மூன்று காற்றாடி. விலையைக் கேட்டால் நமக்கும் ஒரு காற்றாடி தேவைப்படும்.

பென்சில்

முன்பெல்லாம் விலைச்சீட்டை அச்சடித்துக் கண்ணாடி அலமாரியில் ஒட்டுவோம். ஒரு மாதம், இரண்டு மாதம் அப்படியே இருக்கும். விலை ஏற ஆரம்பித்ததும் அச்சடிப்பது வீண் என்று மார்க்கரால் எழுதினோம். பிறகு அதுவும் சரிப்படாமல் பென்சிலுக்கு வந்துவிட்டோம். காலையில் சரக்கு அனுப்பும் ஏஜென்டிடமிருந்து புது விலை மெசேஜில் வரும். நான் ரப்பரை எடுத்துக்கொண்டு போய் அழித்து எழுதுவேன். என் நான்கு வயது மகள் ஒருநாள் கடைக்கு வந்தபோது, "அம்மாவுக்கு ஹோம்வர்க் தப்பு தப்பா வருது" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு மாமா திங்கட்கிழமை வந்து விலை கேட்டார். வீட்டில் கலந்து பேசிவிட்டுப் புதன்கிழமை வந்தார். அதற்குள் இருநூறு வெள்ளி, அதாவது இருநூறு ரிங்கிட், ஏறியிருந்தது. சீட்டைக் குனிந்து பார்த்தார். நான் சரியாக அழிக்காததால் பழைய விலை அடியில் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பென்சிலக் கொஞ்சம் குடு தாயி, நானே பழைய விலைய எழுதி நானே வாங்கிக்கிறேன்."

பெட்டியில் பேர்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழகின கஸ்டமர் "எனக்கு எடுத்து வை" என்றால், பெட்டிமேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதில் அவர் பேரை எழுதிக் கவுண்டருக்கு அடியில் வைப்போம். முன்பணம் கிடையாது, ரசீது கிடையாது. ஒரு வாரத்துக்கு அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. டேப் ஒட்டிய அன்றைய விலைதான் விலை. எங்கள் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வேறு எதில் கறாராக இருக்கிறாரோ இல்லையோ, டேப் விஷயத்தில் சொன்ன சொல் மாறமாட்டார்.

மாலதி அக்கா ஆயர் ஈத்தாமிலிருந்து வருகிறவர். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில் கல்யாண மேடை அலங்காரத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். பூ எங்கே, விளக்கு எங்கே, மணமக்கள் நடந்து வந்தால் எப்படித் தெரியும் என்று சினிமா மாதிரி ஓட்டிக் காட்டுவார். ஊரில் ஒரு பெரிய கல்யாண மண்டபம் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. கஸ்டமர் வந்து கேட்ட இரண்டே நாளில் இப்படி ஓடுகிற படம் காட்ட முடிந்தால், தை மாதத்திலிருந்து மண்டபத்து மேடையெல்லாம் இவருக்குத்தான். ஷிப்ட் வேலையை விட்டுவிடலாம். ஆனால் அக்காவின் பழைய கார்டு ஒரு படத்தை முடிக்க ஐந்து நாள் எடுத்துக்கொண்டிருந்தது. வருஷக் கடைசிக்குள் புதுக் கார்டு போட்டு, ஒரு படம் செய்து காட்ட வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின மாதம் அக்கா வந்தார். ஐயாயிரத்து எண்ணூறு வெள்ளிக் கார்டைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரு பெட்டிதான் இருந்தது. நான் டேப்பை ஒட்டி மாலதி என்று எழுதினேன். கவுண்டர்மேல் சாய்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் பெருசா எழுதும்மா, படியேறி வரும்போதே எனக்குத் தெரியணும்" என்றார்.

கங்குங் புத்தி

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். நான் ஜெலுத்தோங் பாசாருக்கு, அதான் காய்கறிச் சந்தைக்கு, காலை ஏழு மணிக்குப் போகிறவள் இல்லை. லீவு நாளில் பதினோரு மணிக்கு மேல், கடைக்காரர்கள் சாக்கை உதறும்போது போவேன். இரண்டு கட்டுக் கங்குங் கீரை வாங்கினால் மூன்றாவது கட்டு சும்மா வரும். சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிற நமக்கெல்லாம் இந்தப் புத்தி தானாக வந்துவிடுகிறது இல்லையா? போதாக்குறைக்கு, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கார்டு விலை மளமளவென்று சரிந்தது. முந்தின மாதம் வாங்கினவர்கள் கடைக்கு வந்து புலம்பினார்கள். அது என் மனதில் ஆணி அடித்தமாதிரி பதிந்துவிட்டது.

ஆறாம் நாள் மாலதி அக்கா பணத்தோடு வந்துவிட்டார். தவுக்கே சாப்பிடப் போயிருந்தார். அக்கா கைப்பையைத் திறந்தபடியே கேட்டார், "ஏன் தேவி, இப்ப வாங்கலாந்தானே?" வேறு யாராக இருந்தாலும் "வாங்குங்க" என்றிருப்பேன். அக்கா மேல் இருந்த பாசத்தில், "அக்கா, வருஷக் கடைசிக்குத்தானே வேணும்? தீபாவளி போகட்டும். புது மாடல் பேச்சு வந்தா இது ஐந்நூறாச்சும் இறங்கும்" என்றேன். நானே டேப்பை உரித்தேன். விலை இறங்கினதும் வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அதை அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினேன். அன்று சாயங்காலமே அந்தப் பெட்டியை வேறொருவர் வாங்கிப் போனார். அக்கா கைப்பையை மூடும்போது சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது: "விக்கிறவளே பொறுங்கன்னு சொல்றா, இதுக்கு மேல நான் யாரப் போயி நம்புறது?"

சிப்பு ஊர்

தீபாவளி போனது. விலை இறங்கவில்லை. ஆறாயிரத்தைத் தாண்டியது, பிறகு ஆறாயிரத்து ஐந்நூறையும் தாண்டியது. ஏஜென்டிடம் கேட்டால், உலகம் முழுக்க ஏஐக்குப் பெரிய பெரிய கட்டடம் கட்டுகிறார்களாம், மெமரி சிப்பையெல்லாம் அவர்களே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்களாம், கார்டு செய்ய மிச்சம் இல்லையாம். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. என் கணவர் தினமும் பாலம் தாண்டி, சிம்பாங் அம்பாட்டில் சிப்பு சோதனை செய்கிற தொழிற்சாலைக்குத்தான் போகிறார். தட்டு தட்டாகச் சிப்பு போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவர்.

பென்சில் கேட்ட மாமா மறுபடி வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அவர் கவுண்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு சீட்டில் இருந்த விலையைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லா இருக்கும்மா உங்க கத! புருஷன் கோழிப் பண்ணையில வேல செய்யுறாரு, பொண்டாட்டி தங்கத்துல செஞ்ச முட்டை விக்கிறா."

கட்டில்

வாங்க முடியாதவர்கள் வராமல் இருப்பதில்லை. வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் பெட்டியோடு படம் பிடித்துக்கொள்வார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளைத் தம்பி அலமாரி முன்னால் நின்றவர் நின்றவர்தான். அந்தப் பெண் கடையை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தாள். அவர் அதே இடத்தில் நின்றார். "நாலு தவணையா கட்டலாமாம்" என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் வாயே திறக்கவில்லை, பட்டவள் அல்லவா. அவள் என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்: "தாராளமா வாங்குங்க, ஆனா கட்டிலுக்கு வச்ச காசு அது, ராத்திரிக்கு நீங்க அந்தப் பெட்டி மேலயே படுத்துக்குங்க, சரியா?"

வெள்ளிக்கிழமை மெசேஜ்

மாலதி அக்கா வெள்ளிக்கிழமைதோறும் விலை கேட்டு மெசேஜ் போடுவார். முதலில் நீளமாக இருக்கும்: "தேவிம்மா, பாப்பா நல்லா இருக்காளா, இந்த வாரம் எப்படி?" அப்புறம் "எப்படி?" மட்டும் வந்தது. அதற்கும் பிறகு வெறும் கேள்விக்குறி. நான் விலையை எழுதி அனுப்பும்போது, என் விரலே எனக்குப் பிடிக்காமல் போனது. ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஒருநாள் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

தவுக்கேயிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். என் தப்புதான், அக்காவுக்கு டேப் ஒட்டின அன்றைய விலைக்கே ஒன்று கொடுங்கள், வித்தியாசத்தை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தமிழ் கஸ்டமர்களோடு பழகி, நடுநடுவே சீனர் பாணியில் ஒரு 'லா' சேர்த்து, ஓரளவு தமிழ் பேசுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு சின்னப் பிள்ள இருக்கு, அது முடியாது" என்றார். நான் நகரவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பென்சிலை என் கையில் கொடுத்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "தேவி, உன் மனசு நல்ல மனசு லா, ஆனா ஏஜென்ட் என்கிட்ட மனசு வாங்க மாட்டான், காசுதான் வாங்குவான்."

அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லாமல் போனது. வருஷக் கடைசி வந்தது. ஏறின விலைக்குக் கார்டு வாங்க முடியாமல், அக்காவால் இரண்டு நாளில் படம் செய்து காட்ட முடியவில்லை. மண்டபத்து வேலை கோலாலம்பூர்க்காரர்களுக்குப் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை நானே அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், என்ன ஆச்சு என்று. பதில் வந்தது: "இனிமே விலை அனுப்ப வேணாம்மா, பாப்பா போட்டோ இருந்தா அனுப்பு."

தூசி

தைப்பூசம் முடிந்த வாரம். அக்கா படியேறி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இரண்டு கையாலும் தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருகாணி தேடுகிற மாதிரி கவுண்டருக்கு அடியில் குனிந்துகொண்டேன். உங்களுக்கும் இப்படி ஒளிந்த அனுபவம் இருக்கும். இல்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

"போதும் எந்திரி, உன் கொண்டை தெரியுது" என்றார் அக்கா.

எழுந்தேன். தொழிற்சாலைச் சட்டையோடு நின்றார். காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருக்கிறார். காற்றாடி சத்தம் போடுகிறதாம், தூசி எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பெட்டியைத் திறந்து பழைய கார்டைக் கழற்றினேன். பூச்சிக்கூடு மாதிரி தூசி அடைத்திருந்தது. ஒவ்வொரு இடுக்காகத் தூரிகையால் தட்டினேன். தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, அன்னிக்கு நான் பேசாம இருந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா, இருந்திருக்கணும்" என்றார். சமாதானமாக எதையும் சொல்லவில்லை. பொய்யாக "பரவாயில்ல" என்றும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு மூச்சு விட முடிந்தது. அவரே தொடர்ந்து பேசினார். "சின்ன மண்டபம் ஒண்ணு பேசியிருக்காங்க. ஒரு வாரம் டைம் தர்றாங்க. இந்தக் கிழட்டுக் கார்டுக்கு அது போதும். ஷிப்ட்டு போயிக்கிட்டேதான் செய்யணும், என்ன பண்றது." பிறகு என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார். "இனிமே இறங்கும்னு யாராச்சும் சொன்னா எனக்குச் சொல்லாத. ஏறப் போவுதுன்னு தெரிஞ்சா முந்தின நாளே சொல்லு."

கார்டை மாட்டிக் கொடுத்தேன். காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது. கூலி வேண்டாம் என்று தவுக்கே தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டார். அக்கா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும், அலமாரிக் கண்ணாடியில் நான்கு மாதமாக ஒட்டியிருந்த டேப் கண்ணில் பட்டது. ஓரம் சுருண்டு, கறுத்துப்போய் இருந்தது. நான் பெரிதாக எழுதிய எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. பார்க்கப் பார்க்க வெட்கமாக இருக்கவே நகத்தால் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

கவுண்டரில் நான்கு வருஷம் நின்று நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: பதினோரு மணிக்குக் கங்குங் வாடும், கார்டு வாடாது.

படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்த மாலதி அக்கா, கம்ப்யூட்டரைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"ஏய் தேவி, அத உரிக்காத. என் பேரு அங்கயே இருக்கட்டும்."