தங்கூசி வென்ற சனிக்கிழமை

2011 பெப்ரவரி 12, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். செபம் சொன்னேன். தண்ணீர் பவுசர் லொறி ஆறு நாற்பதுக்கு வந்தது. நான்கு கான் பிடித்தோம். இரண்டை அம்மா தூக்கினார், இரண்டை நான் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். முற்றம் கூட்டினேன். நிவாரண மாவில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். எட்டரைக்கு மறைக்கல்வி வகுப்பு. பத்தே காலுக்கு மாமா வந்தார்.

இவ்வளவும் என்னுடைய முதலாவது நாட்குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் இருந்த எங்கள் ஊருக்கு நாங்கள் போர் முடிந்து திரும்பி வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் மேலேயே தகரக் கொட்டில் போட்டிருந்தோம். பழைய சமையலறைப் படி எங்களுக்கு வாசற்படி ஆகியிருந்தது.

மாமா என்பது அம்மாவின் தம்பி. பதினாறு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்து, மன்னார் உப்புக்குளத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தார். ஞாயிறு மத்தியானம் கொழும்பு பஸ்ஸில் திரும்ப இருந்தார். ஏற்கனவே எங்கள் கொட்டிலில் இரண்டு தரம் சாப்பிட்டிருந்தார். முதல் தரம் நிவாரணப் பருப்பு, இரண்டாம் தரம் டின் மீன். இரண்டு தரமும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை. இடம்பெயர முன்னர், எங்கள் கரையில் கொடுவா மீன் வேண்டுமென்றால் அப்பாவிடம்தான் ஆள் அனுப்புவார்கள். இப்போது வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. நூலும் ஒரு டின்னில் கொஞ்சத் தூண்டிலும் மட்டும் இருந்தன.

"மூண்டாந்தரம் நீ சாப்பிடுறது என்ர கையால பிடிச்ச கொடுவா, மச்சான்," என்று அப்பா சொல்லியிருந்தார். வியாழனும் வெள்ளியும் வெறுங்கையோடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலில் நூல் போடமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அதிலும் ஆறு மணிக்குப் பிறகு கரையில் நிற்கப் படையினரின் அனுமதி இல்லை.

மாமா அன்று ஒரு நூற்கட்டையோடு வந்தார்.

"அத்தான், இது ஃபுளோரோகாபன். தண்ணிக்குள்ள போனா மீனின்ர கண்ணுக்குத் தெரியாது. அங்க பாஸ் மீனுக்கு நாங்கள் இதைத்தான் போடுறனாங்கள்."

"பாஸோ? அதென்ன மீன்?"

"எங்கட கொடுவான்ர சொந்தக்காரன் மாதிரி."

"சொந்தக்காரன் கனடாவில இருந்தா எங்கட கொடுவாவையும் ஸ்பொன்சர் பண்ணி எடுக்கலாமே தம்பி," என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

அப்பா நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் சாதாரண நைலோன் நூலைத் தங்கூசி என்போம். அதைத் தவிர வேறொன்றை அப்பா கையால் தொட்டதில்லை.

"தங்கூசி இழுபடும். கொடுவா பாய்ஞ்சு தலையை உதறேக்க நூல் கொஞ்சம் விட்டுக் குடுக்கோணும். இது கம்பி மாதிரி நிக்குது."

"விட்டுக் குடுக்கிறதுக்கு முதல் அது கடிக்கோணுமே, அத்தான். மழை விட்டு மூண்டு கிழமை. தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்குது. உங்கட தங்கூசியைக் கண்டா அது கிட்ட வராது."

நான் இதை ஒழுங்காகத் தீர்த்து வைக்க நினைத்தேன். ஜாம் போத்தலில் தண்ணீர் நிரப்பி, இரண்டிலும் ஒவ்வொரு துண்டை வெட்டி உள்ளே அமிழ்த்தினேன். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். தண்ணீருக்குள் தங்கூசி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மெல்ல மெல்ல இறங்கியது. மாமாவின் நூல் நேரே அடிக்குப் போய், கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கொப்பியில் இரண்டு நிரல் போட்டு எழுதி அப்பாவிடம் காட்டினேன்.

"போத்தலுக்குள்ள கொடுவா இல்லை, பிள்ளை," என்றார் அப்பா.

ஆனாலும் கொண்டுவந்தவரின் மனம் நோகக்கூடாது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, மாமாவின் நூலையே எடுத்துக்கொண்டார். மூன்று இருபதுக்கு, களப்பு கடலோடு சேரும் வாய்க்குப் போனோம். நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் ஆட்கள் ஆறு பேர் ஏற்கனவே வந்து குந்தியிருந்தார்கள். கனடா நூல் வந்த செய்தி எங்களுக்கு முன்னரே கரைக்குப் போயிருந்தது.

அப்பா எங்கள் கரையின் முறைப்படி தூண்டிலைக் கட்டினார். நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்து, உலர்ந்த முடிச்சைக் கிறீச்சென்று இறுக்கி, பீடி நெருப்பால் நுனியைச் சுட்டுச் சிறு மணி ஆக்கினார். மணி இருந்தால் முடிச்சு நழுவாது. அங்கே எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள்.

"எச்சில் தொட்டு இறுக்குங்கோ அத்தான். நெருப்பு வைக்காதேங்கோ. இந்த நூலுக்குச் சூடு ஆகாது," என்றார் மாமா.

"முடிச்சுப் போட எனக்குப் பழக்கிறியோ?"

ஆறு பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். உயிர் இறால் குத்தி அப்பா எறிந்தார்.

நான்கு மணி ஐந்துக்கு நூல் விறைத்தது. அப்பா நூலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். நீர் ஒருமுறை பிளந்தது. அடுத்த கணம் அவர் கையில் நூல் தொய்ந்து கிடந்தது. சுருட்டி எடுத்தபோது தூண்டில் இல்லை. நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தது. முடிச்சில்தான் விட்டிருந்தது.

"நான் சொன்னனான்..." என்று தொடங்கிய மாமா, அப்பாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "பரவாயில்லை அத்தான். நாளைக்குக் காலமை மன்னார்ச் சந்தையில நான் ஒண்டு வாங்கியாறன்," என்றார்.

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்ர வீட்டில, நீ வாங்கின மீனை, நான் உனக்குப் பரிமாறுறதோ?" அப்பாவின் குரல் உயரவில்லை. கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. "பிள்ளை, தங்கூசியைக் கொண்டு வா."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அப்பா, கரையில் கிடந்த ஓர் உடைந்த வள்ளத்தின் பின்னால் மறைவாகப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி இருந்தார். தூண்டில் டின்னைக் கேட்டார், கொடுத்தேன். "மாமான்ர நூலையும் இதில வை," என்றார், வைத்தேன். கொப்பியில் அந்த இடத்தில் இருப்பது இது: "4.25. அப்பா முடிச்சை வாயில் வைத்தார். தாகமாக இருக்கலாம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. பீடியும் பற்றவைக்கவில்லை."

ஐந்து மணி பத்துக்கு மறுபடியும் நூல் விறைத்தது. இம்முறை விடவில்லை. கொடுவா மூன்று தரம் தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறியது. "விடு! விடு! இப்ப இழு!" என்று ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அப்பா ஒருவருடைய பேச்சையும் கேட்கவில்லை. நூல் விரலை அறுத்து இரத்தம் வந்தது. ஐந்து முப்பத்திரண்டுக்கு மாமா காற்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி, மீனைக் கரையில் தூக்கிப் போட்டார். என் ஓரடி நீளப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன். இரண்டு அடிமட்டமும் பதினொரு சென்ரிமீற்றரும்.

தூண்டிலைக் கழற்றியது மாமாதான். கழற்றியபின் நூலின் கடைசி ஒரு பாக நீளத்தை, இரண்டு கையும் விரித்த அளவை, விரலால் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்பா கையைச் சாரத்தில் துடைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கூசிதான் அத்தான்!" என்று மாமா ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "தங்கூசிதான்!"

"கனடா தோத்துப்போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மாமா. நான் மீனுக்கு முன்னால் நடந்து ஊருக்குள் போனேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அளவைச் சொன்னேன். அத்தனை பெருமை எனக்கு அதற்குப் பிறகு பட்டம் வாங்கிய அன்றும் வரவில்லை.

அத்தாட்சியாகக் கொப்பியில் ஒட்ட, தூண்டிலுக்கு மேலேயிருந்த நூலில் ஒரு சாண் வேண்டுமென்று கேட்டேன். அப்பா சற்று யோசித்து மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார். வெட்டித் தந்தார்கள். "தங்கூசி. 12.2.2011" என்று பக்கத்தில் எழுதி, "அப்பா வென்றார்" என்பதன் கீழ் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு கீறினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கொடுவாக் கறி. மாமாவுக்குப் போட்டிருந்த எங்கள் ஒரே கதிரையில் அவர் இருக்கவில்லை, கீழே அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பா தலை நிமிர்ந்து, தன் கையால் அவருக்கு மூன்று தரம் கறி போட்டார்.

போன வருடம் வீடு மாறியபோது அந்தக் கொப்பியை எடுத்தேன். ஒட்டியிருந்த பசைநாடா காய்ந்து, நூல் கழன்று விழுந்தது. எதையும் சரிபார்க்காமல் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து அமிழ்த்திப் பார்த்தேன். நேரே அடிக்குப் போய், கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு 4.25 குறிப்பை மறுபடி வாசித்தேன்: முடிச்சு வாயில், பீடி பற்றவைக்கவில்லை.

தங்கூசியின் நுனியில் மாமாவின் நூலில் ஒரு பாகத்தை இணைத்து, மாமா சொன்னபடியே எச்சில் தொட்டு இறுக்கியிருக்கிறார் அப்பா. மீன் கடித்தது மாமாவின் நூலை. மீன் உதறியபோது விட்டுக்கொடுத்தது அப்பாவின் தங்கூசி. அந்த இரண்டு பேருக்கும் அது கரையிலேயே தெரியும். நிமிடம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த பக்கம், பெப்ரவரி 13, ஞாயிறு. எழும்பியதும் நான் கண்டது, அப்பா படியில் குந்தியிருந்து மாமாவின் நூற்கட்டையைப் பாகம் பாகமாக அளந்து வெட்டிக்கொண்டிருந்ததை. பூசைக்கு முன்னர் பதினொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சுருளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். தோற்ற நூலை ஊருக்குத் தள்ளிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறேன். சுருளோடு ஒரு செய்தியும் தந்தார். அதைப் பதினொரு வாசலிலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன்:

"இதைத் தங்கூசி நுனியில இணைக்கட்டாம். எச்சில் தொட்டு இறுக்கட்டாம். நெருப்பு வைக்க வேண்டாமாம்."