சித்திரபுரத்தில் சத்தமில்லாத ஆட்டம்

காலை 6.15. உடுமலைப்பேட்டையில் மூணாறு பேருந்து ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், நாலு மணி நேரம். கோவையில் பத்து வருடம் டீஜே மேடைகளுக்கு விளக்குப் போட்டவன் நான். இரைச்சல் சலித்துத்தான் அந்தத் தொழிலை விட்டேன். இந்தப் பயணம் செல்வத்துக்காக. அப்போது என்னோடு மண்டபம் மண்டபமாக அலைந்த சித்திரபுரத்துக்காரன், இன்று முதல் முறையாக ஒரு மின்னணு நடன இசை விழாவில் தன் சொந்த இசையைப் போடுகிறான். அவன் அப்பா பொன்னையா, ஓய்வு பெற்ற லைன்மேன், மகனின் இசையை ஒருநாளும் கேட்டதில்லை. "தகரத்தைத் தட்டுறதுக்குச் சம்பளமா?" என்பாராம். இன்றைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

பகல் 12. மூணாற்றிலிருந்து சித்திரபுரத்துக்கு ஜீப், நானூறு ரூபாய். "இதுக்கா வந்தீக?" என்று ஓட்டுநர் சிரித்தார். "ஸ்பீக்கரே கெடையாதாம்ல. சும்மா நின்னு ஆடுறாக."

உண்மைதான். மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்ததும் கையில் ஒரு பட்டை கட்டி, ஒரு ஹெட்போனும் கொடுத்தார்கள். காட்டோரம் என்பதால் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடைகள். ஹெட்போனில் ஒரு பொத்தான்: சிவப்பு விளக்கு எரிந்தால் செல்வம், பச்சை எரிந்தால் அடுத்த மேடையின் பெங்களூர்க்காரர். "இதுதான் எதிர்காலம்" என்றாள் வாசலில் நின்ற பெண். ஆயிரம் பேர் ஒரே அடிக்குக் காலைத் தூக்குவார்கள் என்பதுதான் இந்த இசைக்கு இருந்த ஒரே நியாயம். அதையும் ஆளுக்கொரு காதாகப் பிரித்துவிட்டார்கள்.

மாலை 3.30. செல்வம் தொடங்கினான். தேயிலை ஆலையின் உருளைச் சத்தத்தைத் தாளமாக்கியிருந்தான், நன்றாகவே இருந்தது. ஆனால் மூடுபனிக்குள் என்னைச் சுற்றி ஒவ்வொரு தலையாகப் பச்சைக்கு மாறியது. என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நானும் பொத்தானை அழுத்தினேன். கூட்டத்தோடு கோவிந்தா! பச்சையிலேயே நின்றுவிட்டேன்.

வேலிக்கு வெளியே யாரோ கைதட்டிக் கூப்பிடுவது தெரிந்து ஹெட்போனைக் கழற்றினேன். பொன்னையா. சலவைச் சட்டை, கையில் டெஸ்டர்.

"தம்பி, கரண்டு போயிருச்சுன்னு டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன். பியூஸெல்லாம் சரியாத்தான் இருக்கு. சத்தம் வரலைன்னு தெரியாம பய பாட்டுக்குத் திருகிக்கிட்டிருக்கானே!"

விஷயத்தைச் சொன்னேன். ஹெட்போனை வெளியே தரக்கூடாது என்ற காவலாளி, என் கெஞ்சலுக்கு இளகி, "அஞ்சு மினிட்டு மட்டும்" என்றார். வேலிக்கு மேலாக ஹெட்போனை நீட்டினேன். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் செருப்புக் கால் தாளம் போட்டது.

"நல்லாத்தானய்யா போடுறான்," என்றார், சத்தமாக. "இத்தனை வருசம் வஞ்சுட்டேனே எம்மவனை."

அப்போதுதான் கவனித்தேன். அவர் காதில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் என் கைக்கு எட்டும் தூரம்தான். சிவப்புக்கு மாற்றி, அது அவருக்குப் பிடிக்காமல் போனால்? மாற்றவில்லை. மேடையிலிருந்து அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்திய செல்வம், பிறகு மெதுவாக இறக்கிக்கொண்டான்.

மாலை 5. ஜீப் வரைக்கும் அவனே என் பையைத் தூக்கி வந்தான். ஊரில் இரைச்சல் என்று நான் திட்டிய ஸ்பீக்கர்கள் ஒருநாளும் யாரையும் இப்படி ஏமாற்றியதில்லை.

"உங்கப்பா ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னார்டா," என்றேன்.

"சொன்னாருண்ணே, எங்கிட்டயும்." பையை ஜீப்பில் வைத்தான். "மேடையில நின்னா எல்லா லைட்டும் தெரியும்ணே. ஒங்களோடதும்."