மிட்சுயோ அக்கா கடையின் காலிக் கிண்ணங்கள்

ஹதனாகாவைப் போல ஒரு சாப்பாட்டு ராமன் ஒசாகாவிலேயே கிடையாது என்றுதான் போன மாதம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. டென்மா பகுதியில் என் சலவைக் கடைக்கு அடுத்தது மிட்சுயோ அக்காவின் உடோன் நூடுல்ஸ் கடை. அங்கே எட்டுப் பேர் நின்று சாப்பிடலாம், ஒன்பதாவது ஆள் நுழைந்தால் அவர் முதுகு தெருவில் இருக்கும். காலை பதினொரு மணிக்கு ஹதனாகா ஒரு கிண்ணம் உடோனைச் சாறோடு முடித்துவிட்டு ஊருக்குள் வேறு கடைகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். இன்று ட்சுருஹாஷி, நாளை ஜூசோ, மறுநாள் தைஷோ. எல்லாம் நடந்தேதான். சாயங்காலம் என் கடை வாசலில் நின்று அன்று தின்றதையெல்லாம் ஒப்பிப்பார்.

"ஜூசோ ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு சந்துய்யா. அங்க ஒரு கெழவன் மாட்டு நரம்பை மிசோ சோயா விழுதுல போட்டு வேகவைக்கிறான் பாரு, வாயில வெச்சா கரையுது!"

"காலையில உடோன், மத்தியானம் நரம்பு. அது வயிறா அண்ணே, இல்ல பஸ் டிப்போவா?"

சிரிப்பார். ஆனால் ஏன் அலைகிறார் என்று சொல்ல மாட்டார்.

மிட்சுயோ அக்கா யார் முகத்தையும் பார்த்து வியாபாரம் செய்பவள் அல்ல. கிண்ணத்தைத்தான் பார்ப்பாள். எங்கள் பக்கம் சாறைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கிண்ணத்தை மேல் பலகையில் தூக்கி வைத்து, "நல்லா சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மிச்சம் வைத்தால் சமைத்தவளைச் செருப்பால் அடித்த மாதிரி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு விடுமுறை. ஹதனாகா வந்து கையைப் பிடித்து இழுத்தார். "இன்னைக்கு என்கூட வா. உன் நாக்கு வேணும்."

க்யோபாஷிவரை நடத்தியே கூட்டிப்போனார். வழியில் ஆளுக்கு ஆறு தகோயாகி, சுடச்சுட ஆக்டோபஸ் உருண்டை. அவசரத்தில் கடித்து மேலண்ணம் வெந்துபோனது. அப்புறம் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு நின்று சாப்பிடும் கடைக்குள் தள்ளினார்.

"உடோனை விடு. சாறை மட்டும் குடி."

குடித்தேன். தூக்கிவாரிப்போட்டது. முதலில் கடற்பாசியின் மெல்லிய இனிப்பு, பிறகு கருவாட்டு மணம், உப்பு கடைசியில் வந்தும் வராமலும். "அண்ணே, இது அக்கா கடைச் சாறு!"

"முன்னாடி இருந்த சாறு," என்றார். "இப்ப இருக்கறது?"

தினமும் மத்தியானம் அக்கா கடையிலிருந்து வந்ததும் மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்கிறேனே, அது எப்போதிலிருந்து? உப்பு ஏறியது எனக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் விழுங்கினேனா? இன்றுவரை சத்தியமாகத் தெரியாது.

"வயசாகி என் நாக்குதான் செத்துப்போச்சுன்னு பயந்தேன்யா. அதான் ஊர் பூரா கடை கடையா ஏறி எறங்கினேன். ரெண்டு வருஷம். எல்லா எடத்துலயும் ருசி சரியாத்தான் தெரியுது." குரலைத் தாழ்த்தினார். "பிரஷர் இருநூறைத் தாண்டிருச்சு. அந்தச் சாறை இனி தொட்டா உயிருக்கு நான் பொறுப்பில்லைங்கிறார் டாக்டர்."

"அப்புறம் என்ன எழவுக்கு அங்க போறீங்க?"

"பதினோரு மணிக்கு என்னை எதிர்பாக்கறதுக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

"சரி, போங்க. சாறை மிச்சம் வெச்சுத் தொலைங்களேன்!"

"அவ பாப்பாளே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே உலுக்கியிருப்பேன். மழை பெய்தால் மழையையே நிற்கவைத்துத் திட்டும் ஊர் எங்களுடையது. ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் ஒரு மனுஷன் உயிரை விடப்போகிறான்.

மறுநாள் பதினொரு மணிக்கு உடோனை மட்டும் தின்றுவிட்டு, பாதிச் சாறோடு கிண்ணத்தைப் பலகையில் வைத்தேன்.

அக்கா பார்த்தாள். "என்ன சலவை, வயித்தால போகுதா?"

"இல்லக்கா. உப்பு."

கடையில் உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது. அருகில் ஹதனாகா வாய்க்குக் கொண்டுபோன கிண்ணத்தை மெதுவாக இறக்கி என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு அடுத்து நின்ற தபால்காரரும் சாறோடு வைத்தார். பிறகு இன்னும் மூன்று பேர். ஒருவரும் நிமிரவில்லை.

அக்கா விளக்குமாற்றைத் தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல," என்றார் ஹதனாகா.

பால் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "ஊரையே அடிச்சுப்போட்ட அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து எனக்கு மணமும் இல்ல, ருசியும் இல்ல. சாம்பலைக் குடுத்தாலும் தின்னுவேன். வெளிய சொன்னா எவன் வருவான் கடைக்கு? உங்க கிண்ணத்தைப் பாத்துத்தான் உப்பு போட்டேன். காலியா வந்துச்சு. கொஞ்சம் கூடப் போட்டுப் பாத்தேன், அதுவும் காலியா வந்துச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன். உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன், பாவிகளா!"

அவள் மனம் நோகக் கூடாதென்று நாங்கள் குடித்துக் குடித்து, நாங்களேதான் அந்தப் பானையில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறோம். வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "இவருக்குப் பிரஷர்க்கா. உன் சாறைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அக்கா எழுந்தாள். "யோவ் டிரைவரே. தெரிஞ்சா குடிச்ச?"

"ம்."

"தெனமும்?"

"தெனமும்."

இரண்டு கையாலும் பானையைத் தூக்கி அப்படியே அடுப்படிச் சாக்கடையில் கவிழ்த்தாள். வெளியே மதியக் கூட்டம் அதற்குள் வரிசையில் நிற்கிறது, உள்ளே ஆவியில் ஆள் முகம் தெரியவில்லை.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று இழுத்தார் ஹதனாகா.

"என் மனசா? என் கடைச் சாறைக் குடிச்சு நீ செத்திருந்தா, அப்ப என் மனசு என்னய்யா ஆயிருக்கும்?"